சவரியம்மாள் எந்த வீட்டில் வாழ்ந்தார்

செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் வேகமாக நடந்து வந்தார். எப்போதும் நிதானமாக நடக்கிறவர் அவர். "அம்மா, பேரணாம்பட்டு முதல் பஸ்ஸில ஆள் வந்திருக்கு. உங்க சம்பந்தியம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்களாம்" என்றார். "எந்தச் சம்பந்தி?" என்று கேட்டேன். எனக்கு இருப்பது ஒரே மகன். ஆகவே ஒரே சம்பந்தி. அர்த்தமில்லாத கேள்வி கேட்பவர்களை நான் பொறுப்பதில்லை என்று இந்த ஊருக்குத் தெரியும். அன்று அப்படி ஒரு கேள்வியை நானே கேட்டேன். உபதேசியார் குடையை என் கையிலிருந்து வாங்கித் தாமே பிடித்துக்கொண்டார்.

சவரியம்மாள் தம் மகன் வயிற்றுப் பேத்தியின் கல்யாணத்துக்காகப் பேரணாம்பட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. வருகிற சனிக்கிழமை திரும்பிவிடுவதாகச் சொல்லி, இரண்டே புடவையோடு போனார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்திருக்கிறார். சுவாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைபூசுதல் கொடுக்கும்வரை நினைவு இருந்ததாம். விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டார்.

அடுத்த வாரம் தபாலில் கறுப்பு ஓரம் போட்ட காகிதம் வந்தது. வேலூரில் அச்சடித்தது. "பேரணாம்பட்டில் தம் மகன் சின்னப்பன் மேஸ்திரி இல்லத்தில் வாழ்ந்து வந்த எங்கள் தாயார் சவரியம்மாள்" என்று தொடங்கியிருந்தது. பெயர் சரி, நாள் சரி, எழுத்துப்பிழைகூட இல்லை. "வாழ்ந்து வந்த" என்பது மட்டும் பொய். வேலூர் கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் சொன்ன தாய்மாரில் ஒருவர், பிழையைக் கண்டும் பேசாமல் இருப்பவள் அந்தப் பிழையைத் தானே இன்னொரு முறை எழுதுகிறாள் என்பார். நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். "ஆம்பூரில் தம் சம்பந்தி வீட்டில் பத்தொன்பது வருஷம் வாழ்ந்து, பேரணாம்பட்டில் மகன் வீட்டில் மரித்த" என்று மேலே எழுதி, சின்னப்பனுக்கே திருப்பி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

இதற்கு நடுவில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவைத்தாற்போலச் சொன்னார்கள். எப்படியோ கடைசியில் மகன் வீட்டிலேயே உயிர் போயிற்றே, பழி இல்லாமல் முடிந்ததே என்று. நாலாவது ஆள் சொன்னபோது நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். சவரியம்மாளைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் வாழ்ந்த வாழ்க்கையில் மூடி மறைக்க வேண்டிய பழி எதுவும் இருக்கவில்லை.

முகம் மறந்தவர்கள்கூட அவருடைய கைகளை மறந்திருக்க மாட்டீர்கள். சின்ன வயதில் புருஷனோடு பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் ஆவாரம்பட்டை இடித்தவர். அந்தப் பழுப்பு நிறம் நகக்கண்களில் ஏறி, முப்பது வருஷம் சோப்புப் போட்டும் இறங்கவில்லை. கோவிலில் நன்மை அப்பம் வாங்கக் கை கூப்பும்போது அந்த நகங்கள் தனியாகத் தெரியும். என் நகங்களைப் பார்த்து, "உங்களுது மடத்து நகம், எங்களுது மண்டி நகம்" என்பார்.

எங்களவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது. மகளைப் பார்க்க வந்தால் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். மகன் இருக்கும்போது தாய் மகள் வீட்டில் தங்கினால் அது மகனுக்குத் தலைகுனிவு. அங்கேயே கண்ணை மூடிவிட்டால் இன்னும் பெரிய தலைகுனிவு. சவம் மகன் வாசலிலிருந்து புறப்பட வேண்டும் என்பதற்காகவே, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த கிழவிகளை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வழியிலேயே செத்தவர்களும் உண்டு.

என் கணவர் இந்த ஊரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கராக இருந்தார். எங்கள் மகன் அருளப்பனுக்குக் கல்யாணம் ஆன வருஷமே காலமானார். மருமகள் திரேசா, சவரியம்மாளின் ஒரே மகள். அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். ஆனால் சின்னப்பனின் மனைவிக்கும் அதே மாதம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரசவம் ஆகாது என்பார்கள். சவரியம்மாளும் விதவை, மகன் வீட்டில் இருப்பவர், அவருக்கென்று வேறு வீடு கிடையாது. உறவினர்கள் வந்து உட்கார்ந்து இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள், பிள்ளை பெறுகிறவளுக்கு வேண்டியது தாய், தாயின் வீடு அல்ல. அவரை இங்கே அனுப்புங்கள் என்று நான் சொல்லி அனுப்பினேன்.

வந்தார். வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு சோற்றுப்பானை. அடுத்து மூங்கில் கூடையில் வைக்கோல் சுற்றிய ஒரு மண் அடுப்பு. "கோச்சிக்காதீங்க சம்பந்தியம்மா. பொண்ணைக் குடுத்த எடத்துல கை நனைக்கக் கூடாது. பின்னால ஒரு மூலை குடுங்க, என் அடுப்பை வெச்சிக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தெருவிலேயே சுத்தமான சமையற்கட்டு என்னுடையது. "உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். கிணற்றடிப் பக்கம் கீற்றுச் சாய்ப்பு ஒன்று இறக்கிக் கொடுத்தேன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு புகை கிளம்பியதைத் தெரு பார்த்தது.

பேரன் பிறந்தான். அருளப்பனுக்குத் தங்கவயலில் சுரங்கத்து ஆபீசில் வேலை கிடைத்தது. மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீங்களும் வாருங்கள், உங்களை நன்றாக வைத்துக்கொள்கிறோம் என்றான். பார்க்கலாம் என்றேன். அன்றைக்கே சின்னப்பனும் தாயை அழைத்துப் போக வண்டியோடு வந்துவிட்டான். மூட்டை கட்டியாகிவிட்டது. சவரியம்மாள் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளத்த பானையை மறுபடியும் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே உங்களைச் சரியாக வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்டேன். பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "நல்லாத்தான் வெச்சிக்கிறாங்க. கொறை சொன்னா நாக்கு அழுவிப்பூடும். வெச்சிக்கிறாங்க, அவ்ளோதான். மொறத்தை ஒரு எடத்துல வெக்கிறாப்போல, வெளக்கை ஒரு எடத்துல வெக்கிறாப்போல."

அருளப்பன் சொன்ன அதே சொல். காலையிலிருந்து அந்தச் சொல்லில் எனக்கு என்ன குத்துகிறது என்று தெரியாமல் இருந்தேன். எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பெண் எனக்கு அதை எடுத்துச் சொல்லிவிட்டார். நேரே முன்பக்கம் போய்ச் சின்னப்பனிடம், மழைக்காலம் முடியட்டும், வண்டிப்பாதை மோசம், பிறகு அனுப்புகிறேன் என்றேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அவன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மழைக்காலம் முடிந்ததும் வந்தான். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றேன். கிறிஸ்துமஸ் கழிந்து வந்தான். எனக்கு மூட்டுவலி என்றேன். அந்த வயதில் எனக்கு மூட்டுவலி கிடையாது. இப்போது இருக்கிறது.

ஊர் சும்மா இருக்கவில்லை. சம்பந்திச் சண்டை பார்த்திருக்கிறோம், சம்பந்திக் குடித்தனம் இப்போதுதான் பார்க்கிறோம் என்று கோவில் வாசலிலேயே சிரித்தார்கள். பக்கத்து வீட்டு கௌசர் பீ மட்டும் நேரே வந்து கேட்டார்: "இன்னா அம்மா இது, பொண்ணைக் குடுத்தவளும் எடுத்தவளும் ஒண்ணா கீறீங்க. ரெண்டு சக்களத்திங்கூட இவ்ளோ தோஸ்தா இருக்க மாட்டாங்களே?" சவரியம்மாள் சாய்ப்பிலிருந்தே குரல் கொடுத்தார்: "சக்களத்திக்குப் பங்கு போட புருஷன் இருக்கறான் பீபி. எங்களுக்கு அந்த பேஜாரு இல்ல." கௌசர் பீ முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சிரிப்பை அடக்கச் சமையற்கட்டுக்குள் போக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷத்துக்குமேல் இரண்டு அடுப்பும் எரிந்தன. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தோம், ஒரே விளக்கின் முன் செபமாலை சொன்னோம், சோறு மட்டும் தனித்தனி. பிறகு எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பதினான்கு நாள் படுக்கை. என் அடுப்பில் சாம்பல் ஆறிப்போயிற்று. அவர் தம் சாய்ப்பில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து எனக்கு ஊட்டினார். மருமகளின் தாய் கையால், அவருடைய உலையில் வெந்ததை, நான் பதினான்கு நாள் சாப்பிட்டேன். பெண்ணை எடுத்தவள் சாப்பிடலாம், பெண்ணைக் கொடுத்தவள் சாப்பிடக் கூடாது என்றால் அது என்ன நியாயம் என்று காய்ச்சலிலேயே யோசித்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து நடக்க முடிந்த முதல் நாள், அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கடப்பாரையை எடுத்துப்போய்ச் சாய்ப்பிலிருந்த அடுப்பை இடித்துத் தள்ளினேன். இனி ஒரே அடுப்பு என்று அவரிடம் சொல்லத் தயாராக வாசலில் நின்றேன்.

அவர் வந்தார். இடிந்து கிடந்ததைப் பார்த்தார். கூடையை இறக்கிவைத்தார். "ஒடைக்கணும்னு தோணுச்சே, நல்ல அடுப்பா பார்த்தா ஒடைப்பீங்க? என்னுது ரெண்டு வெறகுல சோறு பொங்கும். உங்களுது ஒரு கட்டு வெறகைத் தின்னுட்டு பொகையைத்தான் குடுக்கும். ஒடைக்கறதுன்னா அதை ஒடைச்சிருக்கணும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய், என் கணவர் காலத்து அடுப்பை இடித்தார். பாலாற்றுப் பக்கமிருந்து மண் கொண்டுவந்து, மூன்று நாளில் தம் கணக்குப்படி புதிதாக ஒன்று போட்டார். அந்த மூன்று நாளும் கௌசர் பீ வீட்டிலிருந்துதான் எங்கள் இருவருக்கும் சோறு வந்தது. நான்காம் நாள் அந்த அடுப்பில் முதல் உலை வைத்தார். வெந்ததும் இரண்டு தட்டுப் போட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்து கையை நனைத்தார்.

அந்த வருஷம் சுவாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்தபோது பங்குக் குடும்பப் புத்தகத்தையும் எடுத்துவந்தார். வெளிதேசத்தவர், நல்ல மனிதர், நம் பாஷையைக் கவனமாகப் பேசுவார். என் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பி, சவரியம்மாளை எங்கே எழுதுவது என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். உறவு என்ன என்றார். சம்பந்தி என்றேன். அது குடும்பத்துக்குள் வருகிற உறவு இல்லையே, அவரை மகன் குடும்பத்தில் அல்லவா எழுத வேண்டும் என்றார். சவரியம்மாள் தலையில் முக்காட்டோடு சுவரோரம் நின்றிருந்தார். நான் கேட்டேன்: "சுவாமி, ஒரு உலையில் வேகிறதைச் சாப்பிட்டு, ஒரு விளக்கின் முன் செபம் சொல்கிறவர்கள் ஒரு குடும்பமா, இரண்டு குடும்பமா?" அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். கடைசியில் என் பக்கத்திலேயே, அடிவரியில், பென்சிலால் எழுதினார். சில வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைக் கறையான் அரித்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடமே கொடுத்துப் புதிதாகப் படி எடுக்கச் சொன்னார்கள். நான் எல்லாப் பெயரையும் மையால்தான் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?

நாங்கள் எப்போதும் ஒற்றுமையாக இருந்தோம் என்று யாராவது நினைத்தால் அதுவும் பிழை, அதையும் திருத்துகிறேன். அவர் வெற்றிலைச் சாற்றைத் துளசிப் பாத்தியில் துப்புவார். நான் தம்ளரை இரண்டு முறை கழுவச் சொல்வேன். உங்கள் தலையில் என்ன மடத்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா என்பார். இதெல்லாம் தினப்படி. பெரிய சண்டை ஒன்றுதான். அது ஒரு கடிதத்தால் வந்தது.

திரேசா மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். நான் படித்துக் காட்டுவேன். ஒரு தடவை அவள் தாய்க்கென்று சில வரி எழுதியிருந்தாள். அம்மா, நீ என் மாமியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை இங்கே ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள், எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை, அண்ணன் வீட்டுக்குப் போய்விடு என்று. நான் அந்த வரிகளைத் தாண்டி, குழந்தைக்குக் கடைவாய்ப்பல் முளைத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அன்பினால்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். சவரியம்மாள் காகிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் அதை உபதேசியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்தார், பரிமாறினார், எல்லாம் செய்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொன்னார். "ஏ பூனை, ரசத்துல உப்பு ஜாஸ்தின்னா சொல்லச் சொல்லு. சொல்லாம மறைக்கறது சிலருக்கு வழக்கமாப்போச்சு" என்பார். பன்னிரண்டாம் நாள் நான்தான் போய் எதிரே நின்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க படிச்சது சின்னதா இருந்திச்சு. காயிதம் பெருசா இருந்திச்சு. எழுத்து தெரியாதவளுக்கு நீளங்கூடவா தெரியாது?" என்றார். "என் பொண்ணு என்னை ஏசினா அந்த ஏச்சு எனக்கு வந்தது. அதை எடுத்து வெச்சிக்க நீங்க யாரு?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்நாளில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே நான் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் தேதியிலிருந்து கையெழுத்துவரை படித்தேன். திரேசா என்னைப் பற்றி எழுதிய குறைகளையும் என் வாயாலேயே படித்தேன். சவரியம்மாள் அவற்றைத் தலையாட்டி ரசித்துக் கேட்பார். "பொண்ணு கரெட்டாத்தான் எழுதியிருக்கு" என்பார்.

ஆகவே என் மேல் உள்ள குறையையும் இங்கே தாண்டாமல் எழுதுகிறேன். பேத்தியின் கல்யாணத்துக்குச் சின்னப்பன் என்னை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஆள் மூலமாகப் பத்திரிகை அனுப்பினான். சவரியம்மாள் எனக்கும் சேர்த்து மூட்டை கட்டத் தொடங்கினார். முறையாக அழைக்காத வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "உங்க கௌரவத்தை நல்லா மடிச்சி பொட்டியில வெச்சிட்டு வாங்க சம்பந்தியம்மா. திரும்பி வந்து எடுத்துக் கட்டிக்கலாம்" என்றார். நான் அசையவில்லை. என் புடவையை மூட்டையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, அவர் தனியாக பஸ் ஏறினார். போயிருந்தால் அந்தத் திங்கட்கிழமை அவர் தலைமாட்டில் நான் இருந்திருப்பேன். போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

செய்தி வந்ததும் அவருடைய பெட்டியைத் திறந்தேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த வெள்ளைப் புடவையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பேரணாம்பட்டுக்குப் போனேன். அவரைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கோடி போடும் நேரம். பிறந்த வீட்டார் ஒன்று, பங்காளிகள் ஒன்று, சம்பந்தி மூன்றாவது என்று ஒரு பெரியவர் வரிசை சொன்னார். என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் நகரவில்லை. "இது சம்பந்தி கோடி இல்லை. இது அவருடைய புடவை. அவருடைய வீட்டிலிருந்து வந்திருக்கிறது" என்றேன்.

சின்னப்பன் என் கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அழுது கண் சிவந்திருந்தது. கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் தாழ்ந்த குரலில் பேசினான்.

"அத்தே, பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல நான் தலை நிமிந்து நின்னதில்ல. ஷாப்புல ஒருத்தனுக்கு வேலை சொன்னா, மொதல்ல உங்கம்மாவுக்குச் சோறு போடு மேஸ்திரின்றான். நான் போடமாட்டேன்னா சொன்னேன்? இன்னைக்கு ஒரு நாள் எனக்கு விட்டுக் குடுங்க. என் வாசல்லேர்ந்து, என் அம்மாவா எடுத்துட்டுப் போறேன்."

அவன் சொன்ன அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. மழை என்றும் மூட்டுவலி என்றும் நான் வண்டியைத் திருப்பி அனுப்பியபோதெல்லாம், அந்த வண்டி காலியாகப் போய் நின்ற தெரு ஒன்று இருந்திருக்கிறது. நான் திரும்பி முன்பக்கம் வந்தேன். மூன்றாவதாக நின்றேன். சம்பந்தி கோடி என்று அந்தப் பெரியவர் உரக்கச் சொன்னபோது, புடவையைப் போர்த்திவிட்டுப் பேசாமல் ஒதுங்கினேன். அவர் மகன் வாசலிலிருந்து புறப்பட்டார். ஊர் பார்த்தது.

அவன் கேட்டது ஒரு நாள். கொடுத்தேன். அந்த அச்சுக் காகிதம் எடுத்துக்கொண்டது பத்தொன்பது வருஷம். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுப்பதற்கு அது என்னுடையது அல்ல. சவரியம்மாள் மகன் வீட்டில் இடமில்லாமல் ஆம்பூருக்கு வந்தவர் அல்ல. மகள் வீட்டுச் சோற்றுக்காகத் தங்கியவரும் அல்ல. அவரைச் சின்னப்பனும் கைவிடவில்லை, நானும் வைத்துக்கொள்ளவில்லை. தாம் இருக்க வேண்டிய வீட்டைத் தாமே பார்த்து எடுத்துக்கொண்டு, அதில் வாழ்ந்தவர். ஆம்பூரில் வாழ்ந்தார். என்னோடு வாழ்ந்தார். அவரைத் தெரிந்த யாரும் இனி வேறு மாதிரி சொல்ல வேண்டாம்.

இப்போது எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். சம்பந்தியும் போய்விட்டார்கள், இனி மகனிடம்தானே போவீர்கள் என்று. அருளப்பனும் எழுதிவிட்டான். குவார்ட்டர்ஸ் பெரிதாகிவிட்டது, உங்களுக்குத் தனி அறை இருக்கிறது, நன்றாக வைத்துக்கொள்கிறோம் என்று. அவன் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. பதில் எழுத உட்கார்ந்தபோது பழக்க தோஷத்தில் காரணங்களைத்தான் தேடினேன். வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும், தங்கவயல் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று.

அப்போது அவர் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் இரண்டாம் வருஷத்தில் சின்னப்பன் நான்காவது தடவை வருகிறான் என்று தெரிந்து, அவனிடம் புதிதாக என்ன சொல்லலாம் என்று அவரிடமே நான் யோசனை கேட்டேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: "எதுக்குக் காரணம் தேடறீங்க? காரணம் சொன்னா, அது தீந்த அன்னைக்கு நான் மூட்டையைத் தூக்கணும். இருக்கறாங்கன்னு சொல்லுங்க. போதும்." அன்று சின்னப்பனிடம் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு அவன் வண்டி கொண்டுவரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மடத்தில் கற்றுத் தராதது. அருளப்பனுக்கு எழுதினேன்: "நான் சுகம். இங்கே இருக்கிறேன்." அதன் கீழே காகிதத்தில் நிறைய இடம் இருந்தது. கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினேன்.